எட்டுப் பேர் வகுப்பு

மலர்க் குழுவினர் போன் பண்ணி ஒரு கட்டுரை வேண்டும் என்றபோது, பம்புகளைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு மேலாக எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் போன தடவை சந்திப்புக்கு வந்தபோது, மாலை நேர ஜெர்மன் வகுப்பு நடக்கும் அறையை எட்டிப் பார்த்தேன். உடைந்த டிராயிங் போர்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விசாரித்ததில், சேர ஆள் இல்லை, இந்த வருஷம் வகுப்பு நடப்பதே சந்தேகம் என்று தெரிந்தது. ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் வெளியே கோச்சிங் சென்டரில் பணம் கட்டி ஏ-ஒன், பி-ஒன் என்று முடித்துக்கொள்கிறார்கள். கல்லூரி வகுப்புக்குத்தான் கூட்டம் இல்லை.

எங்கள் காலத்திலும் பெரிய கூட்டம் ஒன்றும் கிடையாது. முதல் நாள் உட்கார இடமில்லை. டேட்டிவ் வேற்றுமை வந்ததும் பாதிப் பேரைக் காணோம். பரீட்சைக்கு மிஞ்சியது ஒன்பது பேர். அந்த ஒன்பதில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னக் கர்வம் உண்டு. ஒன்பது பேருக்காக ஒரு வகுப்பா என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கும், இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அவர் வகுப்பில் இருந்தது எட்டே பேர்.

பெயர் சார்ல்ஸ் ஃபாலன். பிறந்தபோது கார்ல். 1796-ல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில், ரோம்ராட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கீஸன் நகரத்தில் நீதிபதி. பையன் கீஸன் பல்கலைக்கழகத்தில் முதலில் இறையியல், அப்புறம் சட்டம் என்று படித்தார். நடுவில் 1814-ல் நெப்போலியனுக்கு எதிராகத் தொண்டர் படையில் சேர்ந்து, டைபஸ் காய்ச்சலோடு திரும்பி வந்தார். 1818-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம்.

இந்த இடத்தில் கதை கொஞ்சம் இருட்டாகிறது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெர்மனி அப்போது ஒரு நாடே இல்லை. முப்பத்துச் சொச்சம் ராஜாங்கங்கள். ஒன்றுபட்ட குடியரசு வேண்டும் என்று கேட்ட மாணவர் சங்கங்களில் ஃபாலன் இருந்தது தீவிரமான கோஷ்டி. லட்சியத்துக்காக எதையும் செய்யலாம் என்று பேசுகிறவர்கள். அவர் யேனா பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராகப் போனபோது அவரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் சேர்ந்தது. அதில் ஒருவன் கார்ல் சாண்ட். 1819 மார்ச்சில் இந்த சாண்ட் மான்ஹைம் நகரத்துக்குப் போய், பிற்போக்குவாதி என்று மாணவர்கள் வெறுத்த நாடகாசிரியர் கோட்ஸெபூவை அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றான். ஃபாலனைப் பிடித்து விசாரித்தார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. வேலை போனது. அவருக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா என்பது இன்றுவரை தீராத கேள்வி. தெரிந்திருக்காது என்று நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் வாத்தியார் வகுப்பில் பேசுகிற பேச்சு எங்கே போய் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் ஒரே ஓட்டம். பாரிஸ் போனார். 1820 பிப்ரவரியில் அங்கே ஒரு இளவரசரைக் கொன்றுவிட்டார்கள். வெளிநாட்டு ஆசாமிகள் எல்லாம் வெளியே போங்கள் என்றார்கள். ஸ்விட்சர்லாந்துக்குப் போய் கூர் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு பேசல் பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக் கொடுத்தார். அங்கேயும் பிரஷ்யா விடவில்லை. ஆளை ஒப்படையுங்கள் என்று ஸ்விஸ்காரர்களை நெருக்கியது. 1824-ல் கார்ல் பெக் என்ற நண்பரோடு பிரான்ஸ் துறைமுகத்தில் கப்பலேறி, டிசம்பரில் நியூயார்க்கில் இறங்கினார். கார்ல் இனி சார்ல்ஸ்.

அதிர்ஷ்டவசமாக, பாரிஸில் பழக்கமான கிழவர் லஃபாயெட் அப்போது அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஊர் ஊராக அவருக்கு ராஜ வரவேற்பு. அவர் சிபாரிசு ஃபாலனை ஹார்வர்டில் ஜார்ஜ் டிக்னர் என்ற பேராசிரியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த டிக்னரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். போவதற்கு முன்னால் 1814 வாக்கில் பாஸ்டனில் உட்கார்ந்து ஜெர்மன் கற்றுக்கொள்ளப் பார்த்திருக்கிறார். பாஸ்டன் என்றால் அமெரிக்காவின் அறிவாளிகள் ஊர். அங்கே ஒரு நல்ல ஜெர்மன் வாத்தியார் இல்லை. ஜெர்மனுக்கு பிரெஞ்சில் எழுதிய ஒரு இலக்கணத்தை நண்பரிடம் கடன் வாங்கினார். அகராதி பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷையரில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்து ஆள் விட்டு வரவழைத்தார். பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசும் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். வயல்காட்டில் புழங்குகிற பாஷைக்கும் கல்லூரிக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

1825 கடைசியில் ஃபாலன் ஹார்வர்டில் வகுப்பை ஆரம்பித்தார். ஜெர்மன் அங்கே கட்டாயப் பாடம் இல்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் எட்டு மாணவர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ பீபாடி பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியராகி, வயதான காலத்தில் அந்த வகுப்பை நினைவு கூர்ந்து எழுதி வைத்திருக்கிறார். மற்ற மாணவர்கள் இந்த எட்டுப் பேரையும் ஏதோ காட்டு ஜாதி பாஷை படிக்கிறவர்களைப் போல வேடிக்கை பார்த்தார்களாம். புத்தகக் கடையில் ஜெர்மன் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. பீபாடிக்கு யாரோ ஷில்லரின் நாடகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் படித்து முடித்ததும் அந்த ஒரே பிரதி கைமாறிக் கைமாறிச் சுற்றியது.

பாடப் புத்தகம்? அதுவும் இல்லை. ஃபாலனே பாடங்களைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்தார். வகுப்பு நகர நகர, ஒவ்வொரு தாளாக மாணவர்கள் கைக்கு வந்தது. ஜெர்மன் அந்தக் காலத்தில் கொம்பும் வளைவுமான தனி எழுத்தில் அச்சாகும். அந்த அச்செழுத்து பக்கத்தில் எங்கும் கிடைக்காததால் சாதாரண ஆங்கில எழுத்திலேயே அடித்தார்கள். அந்தத் தாள்கள்தான் 1826-ல் வாசகப் புத்தகமாக வந்தது. 1828-ல் ஒரு இலக்கணமும் எழுதினார். அது அவர் காலத்துக்குப் பிறகும் பல பதிப்புகள் போனது. எங்கள் மாலை வகுப்பில் வாத்தியார் வாரா வாரம் கொண்டுவந்த மங்கலான ஜெராக்ஸ் தாள்கள் எனக்கு ஞாபகம் வருகின்றன. இன்னும் ஒரு கட்டு பரணில் இருக்கிறது. அம்மா தூக்கிப் போடவில்லை.

படிப்போடு இன்னொன்றையும் கொண்டு வந்தார் ஃபாலன்: உடற்பயிற்சி. 1826-ல் ஹார்வர்ட் மைதானத்தில் கம்பங்களும் கயிறுகளும் கட்டி, உபயோகமில்லாமல் கிடந்த ஒரு சாப்பாட்டுக் கூடத்தையும் பிடித்து, அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் ஜிம்னாஸியத்தை நடத்தினார். நாற்பது வயசு வக்கீல்கள்கூட பாஸ்டனில் கம்பத்தில் தொங்கினார்கள். இரண்டு வருஷத்தில் புது மோகம் தீர்ந்தது, கூட்டம் கலைந்தது. ஜெர்மன் வகுப்பு கலையவில்லை. இதில்தான் எனக்கு ஆச்சரியம். ஜிம்முக்கு முதல் நாளே கூட்டம், வகுப்புக்கு எட்டுப் பேர். ஆனால் கடைசியில் நின்றது வகுப்புதான். என் கணக்கு என்னவென்றால், அவர் கையோடு புத்தகத்தைப் போட்டுவிட்டார். ஆசிரியர் இல்லாத ஊரிலும் அந்தப் புத்தகம் போய் வேலை பார்த்தது.

1828-ல் கல்யாணம். பெண் எலிசா லீ கேபட், பாஸ்டனின் பழைய பணக்காரக் குடும்பம். மாப்பிள்ளை நாடு விட்டு ஓடி வந்தவர், அவரைவிட ஒன்பது வயசு சின்னவர், சம்பளமும் சொற்பம். ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். எலிசா நன்றாக எழுதுவார். குழந்தைகளுக்கான கதைகளும் பாட்டுகளும் அவர் கையில் சரளம். 1830-ல் ஒரு மகன். அதே வருஷம் ஃபாலனுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது.

இப்போது நிர்வாக விஷயம். மாணவர் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து அறக்கட்டளை, எண்டோமெண்ட் என்று பேசுகிற சீனியர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். ஹார்வர்ட் ஒரு ஜெர்மன் பேராசிரியர் பதவியை உண்டாக்கியது. ஆனால் அதற்கு முழுச் சம்பளம் கொடுக்கத் தயாராக இல்லை. அவருடைய நண்பர்களும், மனைவி வழிச் சொந்தமான சாமுவேல் கேபட் போன்ற பணக்கார வியாபாரிகளும் சேர்ந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு தொகை தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். 1831 செப்டம்பரில் பதவியேற்பு உரை நிகழ்த்தினார். பெயர் பெரிய பெயர்: ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். அடியில் இருந்த காசு மட்டும் ஐந்து வருஷக் காசு.

இந்த ஐந்து வருஷத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் தொகை நீட்டிக்கப்பட்டிருக்கலாம். அவருக்கு அது வராத காரியம். வில்லியம் லாயிட் காரிசன் தலைமையில் அடிமை முறையை உடனே ஒழிக்கவேண்டும் என்ற இயக்கம் பாஸ்டனில் அப்போதுதான் கிளம்பியிருந்தது. மரியாதைப்பட்டவர்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார்கள். பாஸ்டன் பணம் பாதி தெற்கத்திப் பஞ்சில் வந்த பணம். ஃபாலன் அந்த இயக்கத்தில் சேர்ந்தார். 1834-ல் நாட்டு மக்களுக்கு இயக்கம் வெளியிட்ட வேண்டுகோளை எழுதியதே அவர்தான். அதே வருஷம் ஹார்வர்டில் மாணவர் கலகம் ஒன்று வெடித்தது. தலைவர் குவின்ஸி எடுத்த கடுமையான நடவடிக்கைகளை ஃபாலன் ஏற்கவில்லை. ஆக, நன்கொடையாளர் பக்கமும் மனஸ்தாபம், நிர்வாகத்தின் பக்கமும் மனஸ்தாபம்.

1835-ல் பதவி போனது. தொகை புதுப்பிக்கப்படவில்லை, குறைந்த சம்பளத்துக்கு வேண்டுமானால் வெறும் ஆசிரியராக இருங்கள் என்றார்கள். அவர் மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். அடிமை ஒழிப்புக்காகத்தான் வெளியே தள்ளினார்கள் என்று எலிசா கடைசிவரை நம்பினார். ஹார்வர்ட் கணக்குப்படி அது வெறும் காலாவதி. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வேண்டாத ஆளைத் தூக்க வேண்டும் என்றால் யாரும் உத்தரவு போடவேண்டியதில்லை, ஒரு தேதி முடிகிறவரை காத்திருந்தால் போதும். பிராஜக்ட் வேலையில் ஒப்பந்த அடிப்படையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் ஜெர்மன் அதோடு அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கெமிஸ்ட்ரியும் மருத்துவமும் தத்துவமும் ஜெர்மனில்தான் இருந்தன. படிக்க வேண்டியவர்கள் படித்தே தீரவேண்டியிருந்தது. 1915-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் 24 சதவீதம் பேர் ஜெர்மன் படித்தார்கள். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜெர்மன் புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 1922-ல் அந்த 24 ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. பள்ளியில் ஒரு பையனுக்கு ஜெர்மனில் பாடம் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்காக நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வாத்தியாருக்கு அபராதம் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1923-ல்தான் ரத்தானது. போருக்குப் பிறகு கல்லூரிகளில் மெதுவாக ஏறி, 1968-ல் 2 லட்சத்து 16 ஆயிரம் மாணவர்கள். அதற்கப்புறம் சறுக்கல். 1990-ல் 1 லட்சத்து 33 ஆயிரம், 2016-ல் 80 ஆயிரம், 2021-ல் 53 ஆயிரத்துச் சொச்சம். 2023-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் பட்ஜெட் பற்றாக்குறையைக் காட்டி உலக மொழிகள் துறையையே கலைக்க முடிவு செய்தது. அங்கே சாம்பல் பூத்த போர் வெறுப்பு எதுவும் இல்லை. தலைக்கு எத்தனை மாணவர், ஒரு மாணவருக்கு எத்தனை டாலர் என்ற எக்ஸெல் கணக்கு மட்டும்தான். அதைப் போடுகிற ஆள் என்னைப் போல ஒரு என்ஜினியராகத்தான் இருப்பார் என்று நினைக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

ஃபாலனுக்கு வருவோம். வேலை போன அதே 1835-ன் கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்து எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ அவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்து வயசு மகனுக்காக ஃபாலன், தன் ஊர் வழக்கப்படி, ஒரு சின்ன ஊசியிலை மரத்தை வெட்டி வந்து, பொம்மைகளும் மெழுகுவர்த்திகளும் கட்டி அலங்கரித்தார். கதவைத் திறந்ததும் குழந்தைகள் வாயடைத்து நின்றதை மார்ட்டினோ பிறகு தன் புத்தகத்தில் எழுதினார். கிறிஸ்துமஸ் மரம் அமெரிக்காவில் பரவியதற்கு அந்த வர்ணனையும் ஒரு காரணம் என்பார்கள். கையில் வேலை இல்லாத மனுஷன் மரத்துக்கு மெழுகுவர்த்தி கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் என் மனசில் நிற்கிறது.

1836-ல் மாசசூசெட்ஸ் சட்டசபைக் குழு அடிமை ஒழிப்பாளர்களை விசாரித்தது. ஃபாலன் எழுந்து, எங்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டால் அது தெருவில் கல்லெறிகிற கும்பலுக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகும் என்ற கருத்தில் பேச ஆரம்பித்தார். தலைவர் குறுக்கிட்டு உட்கார வைத்துவிட்டார். பிறகு நியூயார்க்கில் ஒரு யூனிடேரியன் சர்ச்சில் போதகர் வேலை. பிரசங்கத்தில் அடிமை முறையைத் தொட்டார். சபையில் முக்கியஸ்தர்களுக்குப் பிடிக்கவில்லை. 1838-ல் அதுவும் போனது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து, ஹார்வர்ட், நியூயார்க் என்று ஐந்தாவது வெளியேற்றம்.

கடைசியில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் கிழக்கு லெக்சிங்டன் என்ற சின்ன கிராமம் அவரைக் கூப்பிட்டது. அவர்களுக்காக எட்டுப் பட்டையாக ஒரு சர்ச் கட்டிடத்தை அவரே வடிவமைத்தார். போதகர் உயரத்தில் நின்று பேசாமல், எல்லாரும் சுற்றி உட்காரவேண்டும் என்று எண்ணம். 1839 ஜூலை 4-ம் தேதி அடிக்கல் நிகழ்ச்சி. திறப்பு விழா 1840 ஜனவரி 15 என்று முடிவானது. அந்தக் குளிர்காலம் அவர் நியூயார்க்கில் ஜெர்மன் இலக்கியம் பற்றிச் சொற்பொழிவுகள் செய்துகொண்டிருந்தார். பதவி போய் ஐந்து வருஷம் ஆகியும், ஜெர்மன் வகுப்பை விடவில்லை பாருங்கள், அரங்கம்தான் மாறியது. மனைவியும் மகனும் நியூயார்க்கிலேயே தங்க, திறப்பு விழாவுக்காக 13-ம் தேதி மத்தியானம் நீராவிக் கப்பலில் ஏறினார். கப்பலின் பெயரும் லெக்சிங்டன்.

அந்தக் கப்பலைப் பற்றி என் தொழில் ஆசாமிகள் தெரிந்துகொள்வது நல்லது. கட்டியபோது விறகு எரிக்கிற பாய்லர். 1839-ல் அதை நிலக்கரிக்கு மாற்றி, ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே தள்ளினார்கள். சூடு ஏறியது. புகைபோக்கியைச் சுற்றியிருந்த மர உறை அப்படியே இருந்தது. அந்த உறைக்கு நெருக்கமாகச் சுமார் 150 பஞ்சுப் பொதிகளை அடுக்கியிருந்தார்கள். ராத்திரி ஏழரை மணி வாக்கில் தீ. சுக்கானை இழுக்கிற கயிறு முதலில் எரிந்து போனதால் கப்பலைக் கரைப்பக்கம் திருப்ப முடியவில்லை. என்ஜினை நிறுத்த முடியாமல் கப்பல் ஓடிக்கொண்டே இருக்க, இறக்கிய படகுகள் கவிழ்ந்தன. உறைபனிக் குளிர். சுமார் 140 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவர், கப்பலின் இரண்டாவது மேட், எரியாமல் கடலில் விழுந்த ஒரு பஞ்சுப் பொதி மேல் 43 மணி நேரம் மிதந்து கரை சேர்ந்தார். அந்தப் பஞ்சு எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கையால் பறித்தது என்று ஃபாலனுக்குத் தெரிந்திருக்கும். அவர் உடல் கிடைக்கவில்லை. வயசு நாற்பத்து மூன்று.

அடிமை ஒழிப்புச் சங்கம் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் நடத்த இடம் கேட்டது. அவருடைய நெருங்கிய நண்பர் சானிங் போதகராக இருந்த சர்ச்சிலேயே நிர்வாகிகள் இடம் தர மறுத்துவிட்டார்கள். சானிங்குக்கு அது ஆறாத வருத்தமாகப் போயிற்று. மூன்று மாசம் கழித்து ஏப்ரலில் வேறொரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எட்டுப் பட்டைக் கட்டிடம் இன்றும் அதே கிராமத்தில், அவர் பெயரிலேயே சர்ச்சாக இருக்கிறது.

எலிசா அழுதுகொண்டு உட்காரவில்லை. கணவரின் எழுத்துகள், பிரசங்கங்கள், சொற்பொழிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து, முதல் தொகுதியாக அவர் வாழ்க்கையையும் தானே எழுதி, ஐந்து தொகுதிகளாகக் கொண்டு வந்தார். காரிசன் இயக்கத்திலும் தொடர்ந்து இருந்தார். பிழைப்புக்கு வழி வேண்டுமே. வீட்டிலேயே பையன்களைச் சேர்த்துக்கொண்டு, தன் மகனோடு உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். எதற்கென்றால், ஹார்வர்ட் நுழைவுத் தேர்வுக்கு.